பிபி மெஷின் பரவால்ல, ஆனா குழந்தைக்குன்னா கஃப் (கைல சுத்துற பட்டை) தனியா வாங்கணும் (3 ஸ்டார்)

பெரியவங்களுக்கு வாங்குறவங்க இந்த ரிவ்யூவ விட்டுடலாம், எங்க மாமனாருக்கு இதே மெஷின் நல்லாவே வேலை செய்யுது. நான் வாங்குனது என் 5 வயசு பொண்ணுக்கு. அவளுக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம், கிட்னி வழியா புரோட்டீன் போயி முகம் காலெல்லாம் வீங்கிடும், திரும்பத் திரும்ப வரும், வர்றப்பல்லாம் ஸ்டிராய்டு. யூரின் டெஸ்ட் டெய்லி பண்ணி நோட்டுல எழுதுவோம், பிபி மட்டும் வீட்ல பாத்ததே இல்ல, சின்னப் புள்ளைக்கு என்ன பிபின்னு ஒரு நெனப்பு.

போன தடவை வீங்குனப்ப தலைவலிக்குதுன்னா, ரெண்டு தடவை வாந்தி, அப்புறம் டிவி மங்கலா தெரியுதும்மான்னா. கண்ணு வீங்கிருக்குல்ல அதான்னு நெனச்சு மூஞ்சிய தொடைச்சு விட்டுட்டு என் வேலைய பாத்தேன். அன்னிக்கு சாயங்காலமே ஃபிட்ஸ். ஆஸ்பத்திரில பிபி 150/100. எம்ஆர்ஐல மூளையோட பின்பக்கம், பார்வைக்கான இடத்துல நீர் கோத்து வீங்கியிருந்துச்சு, பிரெஸ்னு பேரு சொன்னாங்க. பிபி சட்டுனு ஏறுனா மூளைல இருக்குற ரத்தக்குழாய் தாங்காம கசியுமாம், ஸ்டிராய்டு வேற பிபிய ஏத்தி விடும். இந்த வியாதில ரத்தம் சீக்கிரம் உறையும்னு மூளைக்குள்ள எங்கயாவது கட்டியிருக்கான்னும் சேத்தே பாத்தாங்க, நல்லவேளை இல்ல. ஒரேயடியா பிபிய இறக்குனா மூளைக்கு ரத்தம் பத்தாம போயிடும்னு ஐசியுல வெச்சு மெதுவாத்தான் இறக்குனாங்க. நாலாவது நாள் பார்வை தெளிஞ்சிடுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்த எம்ஆர்ஐ நார்மல்.

இப்ப மெஷினுக்கு வர்றேன். டப்பால வர்ற கஃப் 22லேர்ந்து 32 செ.மீ கைக்கு. இவ கை 17. அத சுத்தி சுத்திக் கட்டி பாத்தா மேல் நம்பர் 96, நானும் அப்பாடான்னு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு ஓபில டாக்டர் சின்ன கஃப் போட்டு ஸ்டெத் வெச்சு பாத்தாரு, 116! கஃப் பெருசா இருந்தா கம்மியா காட்டும், ரொம்ப சின்னதா இருந்தா ஜாஸ்தியா காட்டும். குழந்தை கஃப் தனியா 800 ரூபா. இத டப்பா மேல ஒரு வரி போட்டிருந்தா என்ன கொறஞ்சிடும்?

அடுத்த கடுப்பு அந்த பச்சை லைட். 116/76க்கு பச்சை எரியுது, அது பெரியவங்க கணக்கு, 5 வயசுக்கு அது ஜாஸ்தி. குழந்தைங்களுக்கு வயசு உயரமெல்லாம் பாத்து தனி சார்ட் இருக்கு, டாக்டர் இவளுக்குன்னு எழுதிக் குடுத்த நம்பர நோட்டு அட்டைல ஒட்டிட்டேன், லைட்டு மேல பிளாஸ்திரி.

சத்தம் கம்மி, அது ப்ளஸ். அழுதா ரீடிங் ஏறிடும், அதனால 5 நிமிஷம் மடில உக்கார வெச்சுட்டு மொதல்ல கரடி பொம்மைக்கு கட்டணும், அப்புறந்தான் கைய நீட்டுவா. மாசம் ஒருவாட்டி மெஷின ஓபிக்கே தூக்கிட்டு போய் அவங்க அளவோட வெச்சு பாக்குறோம், 4, 5 தான் வித்தியாசம் வருது.

ரெண்டு பேருக்கு தனித்தனி மெமரி இருக்கு, ஆனா பட்டன மாத்த மறந்தா போச்சு. போன வாரம் காலைல இவ கணக்குல 148ன்னு பாத்துட்டு எனக்கு கை காலே ஓடல, கடைசில பாத்தா மாமனாரு 2ஆம் நம்பர அமுக்காம பிபி பாத்திருக்காரு.