சொந்தப் பக்கமா, அணியின் பக்கமா? கல்லூரி வீராங்கனை மார்க்கெட்டிங் கற்க நான்கு வழிகள்

2017-இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை உதைக்கும் கிக்கராக இருந்தவர் டொனால்ட் டி லா ஹே. யூடியூபில் சொந்தச் சேனல் நடத்தினார், விளம்பர வருமானமும் வந்தது. வீரராகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வீடியோக்களில் காசு பார்க்கக் கூடாது என்று, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு நிபந்தனை போட்டது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விளையாடும் தகுதி போனது, உதவித்தொகையும் போனது. நான்கே ஆண்டில் காற்று திசை மாறியது. 2021 ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது. அன்றைக்கே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூடைப்பந்து அணியின் கேவிண்டர் இரட்டையர் பூஸ்ட் மொபைல் என்ற செல்போன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, டைம்ஸ் ஸ்கொயர் விளம்பரப் பலகையில் சிரித்தார்கள்.

அதிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் பிள்ளைகளின் காதில் ஓயாமல் விழும் அறிவுரை, "சோஷியல் மீடியாவைப் பிடித்துக்கொள்." சரி, பிடித்துக்கொள்ளலாம். அந்த வித்தையை எங்கே கற்பது? கல்லூரி வகுப்பு, இணையத்தில் கிடைக்கும் இலவசச் சான்றிதழ், தன் சொந்தப் பக்கம், கல்லூரி அணியின் பக்கத்தை நடத்தும் வேலை. நான்கையும் ஒரே ஆளை வைத்து உரசிப் பார்க்கலாம்.

ஆள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: டிவிஷன் 1 (என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி, நீளம் தாண்டுபவள். இன்ஸ்டாகிராமில் 2,300 ஃபாலோயர்கள், அதில் பாதி பள்ளித் தோழிகளும் சொந்தக்காரர்களும். நட்சத்திரம் இல்லை. படிப்பு முடிந்ததும் மார்க்கெட்டிங் வேலைக்குப் போக ஆசை. அவளிடம் இல்லாத ஒரே சரக்கு நேரம். சீசனில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம், நாளைக்கு 4 மணி நேரம் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பேருந்துப் பயணம் அந்தக் கணக்கில் வராது, காயத்துக்கான சிகிச்சையும் வராது. தடகளப் போட்டி காலையிலிருந்து மாலைவரை இழுத்தாலும் ஏட்டில் 3 மணி நேரம்தான். ஆகவே எந்த வழியானாலும் முதல் கேள்வி, என் நேரத்தில் எவ்வளவு தின்னும் என்பதே.

அந்தக் கேள்வியில் வகுப்பு எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறுகிறது. விளையாடும் தகுதி இருக்க வேண்டுமானால் முழுநேர மாணவியாக, பொதுவாக ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். ஒரு மார்க்கெட்டிங் வகுப்பு அதில் மூன்றை அடைத்துவிடும். எப்படியும் உட்கார வேண்டிய நேரம் அது. ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் எழுதிவைத்த நான்கு தூண்களை, அதாவது பொருள், விலை, இடம், விளம்பரம் ஆகியவற்றை அங்கே படிப்பாள். ரீல்ஸ் என்பதே நான்காவது தூணின் ஒரு மூலைதான் என்று புரியும். இது சின்ன விஷயமில்லை. விலை தப்பாக வைத்த பொருளை எந்த ரீலும் விற்காது.

குறை என்னவென்றால், வகுப்பு மெதுவாக நகரும். சில பாடப்புத்தகங்களில் ட்விட்டர் இன்னும் பறந்துகொண்டிருக்கும், அது எக்ஸ் ஆனது 2023-இல். மதிய வகுப்பாக இருந்தால் பயிற்சியோடு மோதும். என்னைக் கேட்டால், 'சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்' என்று பெயர் போட்ட பாடத்தைவிட நுகர்வோர் மனநிலை பற்றிய பாடமும் புள்ளியியலும் எடுப்பது நல்லது. ஆப் மாறும், சதவீதக் கணக்கு மாறாது.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹப்ஸ்பாட் அகாடமியின் சோஷியல் மீடியா பாடம் இலவசம், சான்றிதழும் இலவசம். மெட்டாவின் புளூபிரிண்ட் பாடங்கள் இலவசம், தேர்வுக்குக் காசு. கூகுளின் ஸ்கில்ஷாப்பில் விளம்பரச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பேருந்தில் முடித்துவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது: ஹப்ஸ்பாட் மார்க்கெட்டிங் மென்பொருள் விற்கிறது, மெட்டாவும் கூகுளும் விளம்பர இடம் விற்கின்றன. மூவரின் பாடமும் கடைசியில் அவரவர் கல்லாப்பெட்டிப் பக்கம்தான் திரும்பும். ஆனாலும் சொந்தப் பக்கம் சொல்லித்தராத ஒன்று இங்கே உண்டு. காசு கொடுத்து விளம்பரம் போடுவது எப்படி, யாருக்குக் காட்டுவது, ஒரு கிளிக்குக்கு என்ன செலவு என்கிற மொழி. பத்து டாலராவது சொந்தமாகப் போட்டு ஒரு விளம்பரம் ஓட்டிப் பார்க்காவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

(நூற்றுக்கணக்கில் டாலர் கேட்டு 'ஆறு வாரத்தில் இன்ஃப்ளூயன்சர்' ஆக்கும் கோர்ஸ்களை ஐந்தாவது வழியாகச் சேர்க்கவில்லை. அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் மார்க்கெட்டிங், அந்தக் கோர்ஸை விற்கும் மார்க்கெட்டிங்.)

இனி சொந்தப் பக்கம். எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், தொடங்கவும் வேண்டும். வேறெங்கும் கிடைக்காத ஒரு பாடம் இங்கே மறுநாள் காலையே வந்துவிடும்: யாரும் பார்க்கவில்லை.

நம் மாணவி மேடையில் நின்று பதக்கத்தோடு எடுத்த படத்தைப் போடுகிறாள். சித்திகள் இதயம் போடுகிறார்கள், அத்தோடு சரி. அடுத்து ஓடுபாதையில் அளவு நாடாவை விரித்து, தன் ஓட்டத்தின் தொடக்கக் குறியை வைப்பதை எடுத்துப் போடுகிறாள். தாண்டும் பலகையின் அகலம் வெறும் 20 சென்டிமீட்டர், முழு வேகத்தில் ஓடிவந்து அதற்குள் காலை வைக்க வேண்டும், கோட்டைத் தாண்டினால் சிவப்புக் கொடி. இது முன்பின் தெரியாதவர்களிடம் போகிறது. ஏன்? முதலாவது அவளைப் பற்றியது, இரண்டாவது பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியது. புதியவர்களிடம் போய்ச்சேர, பார்த்தவர் அதைத் தன் நண்பருக்கு அனுப்புகிறாரா என்பது பெரிதும் உதவுகிறது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். பதக்கப் படத்தை யார் யாருக்கு அனுப்பப் போகிறார்கள்?

கணக்கை ப்ரொஃபெஷனல் ஆக மாற்றினால் இந்த எண்கள் எல்லாம் தெரியும். 2024 கடைசியில் வந்த டிரையல் ரீல் வசதியில், ஃபாலோயர்களுக்குக் காட்டாமல் வெளியாட்களிடம் மட்டும் ஒரு வீடியோவைச் சோதிக்கலாம். ஒரே தாண்டலை இரண்டு விதமான முதல் இரண்டு நொடிகளோடு வெட்டிப் போட்டுப் பார்த்தாலே ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

முதல் டீல் வந்தால் பாடம் இன்னும் ஆழமாகும், தலைவலியும் கூடவே வரும். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற பிறகு, டிவிஷன் 1 மாணவர்கள் 600 டாலரும் அதற்கு மேலுமான வெளி ஒப்பந்தங்களை 'என்.ஐ.எல். கோ' என்ற தளத்தில் பதிய வேண்டும் (என்.ஐ.எல். என்பது பெயர், உருவம், அடையாளம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). காசு வாங்கியோ ஓசியில் பொருள் வாங்கியோ போடும் போஸ்ட்டில் அது விளம்பரம் என்று பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி. இருபது ஹேஷ்டேகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் செல்லாது. வீடியோவாக இருந்தால் வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும். ஓசியில் வந்த ஷூவும் வருமானம்தான். செலவு போக ஆண்டுக்கு 400 டாலர் நின்றாலே சுயதொழில் வரி எட்டிப்பார்க்கும். பல கல்லூரிகளில் அனுமதியில்லாமல் சின்னத்தையோ சீருடையையோ காட்ட முடியாது. அணி ஒரு ஷூ நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கும்போது இவள் போட்டி நிறுவனத்தின் ஷூவோடு சிரித்தால் அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். இதெல்லாம் தொல்லைதான். ஆனால் மார்க்கெட்டிங் வேலையில் பாதி இந்தத் தொல்லைதான், இருபது வயதில் பழகிக்கொள்வது நல்லது.

சொந்தப் பக்கத்தின் விலை வேறிடத்தில் இருக்கிறது. மூன்று தாண்டலும் ஃபவுலாகி வெளியே வந்த நாளிலும் போஸ்ட் போட வேண்டும் என்று ஒரு குரல் உள்ளே அரிக்கும். போட்டிக்கு முந்தைய இரவு கமெண்ட் படிப்பவள் தூங்க மாட்டாள். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகளின் இன்பாக்ஸில் வந்து திட்டுவது இப்போது நிஜமான பிரச்சினை. தனி வீரர்களின் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுங்கள் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் 2024-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. நீளம் தாண்டுதலுக்கு அவ்வளவு பந்தயக்காரர்கள் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. இங்கே விற்கப்படும் பொருளும் அவளே, விற்பவளும் அவளே. கவனத்தை இழுப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறாள். அந்தக் கவனம் இன்னொருவர் கல்லாவில் காசாக மாறியதா என்று பார்க்கப் பழகுவதில்லை. இதனால்தான் லட்சம் ஃபாலோயர் வைத்திருப்பவர்கள்கூட ஒரு நிறுவனத்தில் மார்க்கெட்டிங் வேலைக்கு வந்ததும் திணறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழக்கம் வரும் இடம் நான்காவது வழி. பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறையில் படம், வீடியோ, சமூக ஊடகம் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகம் இருக்கும். அங்கே மாணவர்களை வேலைக்கு எடுப்பது சகஜம். நீளம் தாண்டும் பெண்ணுக்குப் போட்டிகள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும். பெண்கள் கால்பந்தும் வாலிபாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும். ஆகவே தன் அணியின் பக்கத்தை அல்ல, கால்பந்து அணியின் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தான் ஓடும்போது கேமரா பிடிக்க முடியாது என்பது ஒரு காரணம். தனக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்றை, அதைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரிடம் விற்கப் பழகுவது பெரிய காரணம்.

இங்கே கேள்வியே மாறிவிடும். 'எத்தனை லைக்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஆட்டத்துக்கு ஏன் கூட்டமில்லை என்று கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே போட்ட அறிவிப்பை எல்லோரும் மறந்திருப்பார்கள், அன்று மதியம் உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது கண்ணில் பட்ட ஸ்டோரிதான் ஆளைக் கூட்டிவந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எக்செல் தாள் ஒன்று போதும். ஸ்கோர் கார்டை இறுதி விசில் ஊதிய சில நிமிடங்களில் போட வேண்டும், பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பெண்ணின் அம்மாவே போன் செய்வார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். தோற்ற நாளுக்கும் கேப்ஷன் எழுத வேண்டும். சொந்தப் பக்கத்தில் மௌனமாக இருந்துவிடலாம், இங்கே முடியாது.

பாட்டு விஷயம் தனி. தனி ஆளாக ரீலில் சேர்க்கும் டிரெண்டிங் பாட்டை ஒரு நிறுவனத்தின் பக்கம் எடுத்துப் போட்டால் உரிமைச் சிக்கல் வரும். 2025-இல் சோனி மியூசிக் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேல் இதே காரணத்துக்காக வழக்குப் போட்டது. சொந்தப் பக்கம் மட்டும் நடத்தியவளுக்கு இப்படியொரு கதவு இருப்பதே தெரிந்திருக்காது.

குறைகளும் உண்டு. சம்பளம் சொற்பம். உன் ரசனைக்கு இடம் குறைவு, நிறமும் எழுத்துருவும் முன்கூட்டியே முடிவானவை. மாதக் கணக்கில் வெறும் கிளிப் வெட்டும் வேலையிலேயே உட்கார்த்திவைக்கும் அலுவலகங்களும் இருக்கும். சேரும் முன்பே, எண்களைப் பார்க்க என்னை அனுமதிப்பீர்களா என்று கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் அந்த வேலையின் பாதிப் பயன் போய்விட்டது.

வெளிநாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து விளையாடும் பிள்ளைகளுக்குத் தராசு இன்னும் இந்தப் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் இருந்துகொண்டு காசு வாங்கி விளம்பர வீடியோ செய்வது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம், விசாவுக்கே ஆபத்து. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆனால் வளாகத்துக்குள் வேலை, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை, அவர்களுக்கு விசா விதியிலேயே உண்டு.

ஆக, நம் மாணவிக்கு என் ஓட்டு அணியின் பக்கத்துக்கே. சொந்தப் பக்கத்தை மூடச் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு போஸ்ட், போட்டி வாரத்தில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு சோதனைக்கூடமாக நடத்தட்டும். சான்றிதழ் பேருந்துக்கு, வகுப்பு கிரெடிட்டுக்கு. ஏற்கெனவே ஐம்பதாயிரம் பேர் பின்தொடரும் ஒருத்தி என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன். அவளுக்கு விளையாடும் ஆண்டுகள்தான் சந்தை, அது முடிவதற்குள் அறுவடை செய்ய வேண்டும், நல்ல வழக்கறிஞர் ஒருவரும் வேண்டும். 2,300 பேர் உள்ளவளுக்கு அந்த அவசரம் இல்லை. வசந்த சீசனின் கடைசிப் போட்டி முடிந்த வாரமே அந்த அலுவலகத்தின் கதவைத் தட்டி, இலையுதிர் காலத்தில் கால்பந்துப் பக்கத்துக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கட்டும். பலகையில் கால் வைக்கும் அந்த ரீலைக் காட்டலாம், கூடவே யாருமே பார்க்காத பதக்கப் படத்தையும்.