‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’: கறை நீங்கிய பிரதியில் ஒரு பழைய திகில் படம்

ஜார்ஜ் ஏ. ரொமேரோ இயக்கி 1968-இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்பவர்களில் பலர், உண்மையில் அதன் தேய்ந்துபோன நகலொன்றைத்தான் பார்த்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளிலும், மலிவு விலைக்கு விற்ற டிவிடிகளிலும் முகங்கள் வெள்ளைத் திட்டுகளாக வெளுத்திருக்கும். இரவுக் காட்சிகளில் எது மரம், எது மனிதன் என்றே தெரியாது. வசனத்தைவிட இரைச்சல்தான் உரக்கக் கேட்கும். அவற்றை மட்டும் பார்த்தவர்கள், கையில் காசில்லாத சிலர் அவசரத்தில் எடுத்து முடித்த படம் இது என்று நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. பழைய படங்களைத் தரமாக வட்டில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட புளூ-ரே அந்த எண்ணத்தை முழுமையாக மாற்றிவிடுகிறது. காசில்லாமல் எடுத்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு கவனத்தோடு எடுத்திருக்கிறார்கள் என்பது இந்தப் பிரதியைப் பார்த்தால்தான் விளங்குகிறது. பழைய திகில் படங்களைச் சேர்த்து வைப்பவர்கள் ஒரே ஒரு வட்டுதான் வாங்க முடியும் என்றால், நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

நல்ல பிரதி ஏன் இத்தனை காலம் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. படத்துக்கு முதலில் வேறு தலைப்பு வைத்திருந்தார்கள். விநியோகத்துக்கு எடுத்துக்கொண்ட வால்டர் ரீட் நிறுவனம் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அந்த அறிவிப்பு இல்லாமல் வெளியாகும் படைப்புக்கு உரிமை கோர முடியாது என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். வெளியான கணத்திலேயே படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம் என்ற நிலையில், பலரும் நகலின் நகலை எடுத்து விற்றார்கள். 1980-களில் இதற்கு வண்ணம்கூடப் பூசினார்கள். அந்தப் பதிப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஊர் ஊராகப் பரவியதால்தான் படம் புகழ்பெற்றது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எடுத்தவர்களுக்கு அதில் நியாயமாகச் சேர வேண்டிய பணம் சேரவில்லை, பார்த்தவர்களுக்கும் படம் முழுதாகக் கிடைக்கவில்லை.

நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷன் அமைப்பும் சேர்ந்து, படப்பிடிப்பின்போது கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்தே 4கே எனப்படும் மிகு தெளிவுத் தரத்தில் படத்தை மீட்டெடுத்தன. ரொமேரோ, இணை எழுத்தாளர் ஜான் ருஸ்ஸோ, தயாரிப்பாளர் ரஸ்ஸல் ஸ்ட்ரைனர், ஒலிப்பதிவாளர் கேரி ஸ்ட்ரைனர் ஆகியோர் அந்த வேலையை மேற்பார்வையிட்டார்கள். 2016 நவம்பரில் அருங்காட்சியகத்தில் அது திரையிடப்பட்டது. 2017 ஜூலையில் ரொமேரோ காலமானார். தம் முதல் படம் தாம் எடுத்தபடியே மீண்டு வந்ததை அவர் கண்ணாரக் கண்டுவிட்டுப் போனார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மீட்டெடுப்பின் அருமையை முதல் காட்சியிலேயே உணரலாம். அண்ணன் ஜானியும் தங்கை பார்பராவும் தந்தையின் கல்லறைக்கு மலர் வளையம் வைக்க வருகிறார்கள். இவ்வளவு தூரம் கார் ஓட்டி வரவேண்டியிருக்கிறதே என்று அண்ணன் சலித்துக்கொண்டும் தங்கையைச் சீண்டிக்கொண்டும் இருக்க, அவர்களுக்குப் பின்னால் வெகு தொலைவில், கல்லறைக் கற்களுக்கு நடுவே ஒல்லியான நெடிய மனிதன் ஒருவன் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருக்கிறான். மலிவுப் பிரதிகளில் அவன் வெறும் கறை. கண்ணில் படவே மாட்டான், அதனால் அவன் பாய்ந்து பிடிக்கும்போது திடீர் அதிர்ச்சி மட்டுமே மிஞ்சும். இந்த வட்டில் அவன் யாரென்று தெரியாமலேயே நாம் அவனை முன்கூட்டிப் பார்த்துவிடுகிறோம். யாரோ முதியவர் போலிருக்கிறது என்று நினைக்கிறோம். அவன் நெருங்க நெருங்க, அந்த நடையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மனம் உணரத் தொடங்குகிறது. இப்படி மெல்ல மெல்ல ஏறும் பயத்தைத்தான் ரொமேரோ அந்தக் காட்சியில் கட்டியிருக்கிறார்.

இரவுக் காட்சிகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. சிலர் ஒளிந்திருக்கும் பண்ணை வீட்டைச் சுற்றிச் சேரும் நடைபிணங்கள், அதாவது எழுந்து நடக்கும் பிணங்கள், மலிவுப் பிரதியில் ஒரு கும்பல் மட்டுமே. இங்கே அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆட்களாகத் தெரிகிறார்கள். ஒருவர் கோட்டு சூட்டு போட்டிருக்கிறார், இன்னொருவர் இரவு உடையில் இருக்கிறார். பிணவறையிலிருந்து அப்படியே எழுந்து வந்த பெண் ஒருத்தியின் மணிக்கட்டில் அடையாள அட்டை தொங்குகிறது. வேறொருத்தி மரப்பட்டையில் ஊரும் பூச்சியைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்கிறாள். சாவதற்கு முன் இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை உடையே சொல்லிவிடுகிறது. அந்த வட்டாரத்து மக்களையே இந்த வேடங்களில் நடிக்க வைத்தார்கள் என்பதால், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களே வாசலில் வந்து நிற்பது போன்ற உணர்வு வருகிறது.

இத்தனை நேர்த்தி எங்கிருந்து வந்தது என்றால், ரொமேரோவும் அவருடைய கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பழகியவர்கள். குறைந்த விளக்குகளை வைத்து எப்படி ஒளியமைப்பது, எங்கே வெட்டினால் கண் தடுமாறாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழிலாகவே கைவந்திருந்தது. சுமார் 1,14,000 டாலர் செலவில், பென்சில்வேனியாவின் எவான்ஸ் சிட்டி சுற்றுவட்டாரத்தில், இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வீட்டை வைத்து 1967-இல் படமாக்கினார்கள். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் ரொமேரோவே. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு பயன்படுத்தினார்கள். கறுப்பு வெள்ளையில் அதன் அடர்த்தி சரியாக உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் கதவுகளையும் மேசைப் பலகைகளையும் பெயர்த்து ஜன்னல்களில் அறையும் நீண்ட காட்சியைக் கவனியுங்கள். மரத்தின் வரி, வளைந்த ஆணி, அவசரத்தில் கோணலாக விழுந்த பலகை, அதற்கிடையே விட்டுப்போன இடுக்கு எல்லாமே இப்போது தெளிவாகத் தெரிகின்றன. எந்த இடுக்கு வழியாகக் கை நுழையப் போகிறது என்று நாமே கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒலியையும் சும்மா விட்டுவிடவில்லை. சுருக்கப்படாத ஒற்றைத் தட ஒலியாகவே கொடுத்திருக்கிறார்கள். செயற்கையாக நாலாபுறமும் பிரித்துப் பரப்பவில்லை என்பது நல்ல முடிவு. பின்னணி இசை இந்தப் படத்துக்கென்று எழுதப்பட்டதன்று, இசை நூலகத்திலிருந்து விலைக்கு வாங்கிப் பொருத்தியது. ஆயினும் பல இடங்களில் இசையை நிறுத்திவிட்டு, சுவர்க்கோழிச் சத்தத்தையும் வானொலியின் கரகரப்பையும் மட்டும் விட்டிருக்கிறார்கள். பழைய பிரதிகளின் இரைச்சலில் அந்த அமைதி காணாமல் போயிருந்தது.

படத்தைத் தாங்கி நிற்பவர் பென் என்ற பாத்திரத்தில் நடித்த டூயேன் ஜோன்ஸ். அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்படவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் அவரே சிறந்த நடிகர் என்பதால் அவரை எடுத்துக்கொண்டார்கள். முரட்டு லாரி ஓட்டுநராக எழுதியிருந்ததை, ஜோன்ஸ் தம் பேச்சாலும் நிதானத்தாலும் வேறு மனிதராக மாற்றிவிட்டார். எங்கே ஒளிவது, மேலேயா நிலவறையிலா என்று அவருக்கும் கார்ல் ஹார்ட்மேன் நடித்த ஹாரிக்கும் நடக்கும் சண்டைதான் படத்தின் உயிர். வெளியே பிணங்கள் சூழ்ந்து நிற்க, உள்ளே இருப்பவர்கள் யார் சொல்வதை யார் கேட்பது என்று மல்லுக்கு நிற்கிறார்கள். பென்னின் தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட யாரும் பேசுவதில்லை. ஆனால் 1968-இல் ஓர் அமெரிக்கப் பார்வையாளர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. படச்சுருளை எடுத்துக்கொண்டு ரொமேரோவும் ரஸ்ஸல் ஸ்ட்ரைனரும் நியூயார்க்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. முடிவை இங்கே எழுதப் போவதில்லை. இறுதியில் வரும் நிலைப்படங்களின் கரடுமுரடான புள்ளிகள் நாளிதழில் அச்சான செய்திப் படங்களைப் போலவே இருக்கின்றன, அவற்றைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் கால் மணி நேரத்தில் கதையைச் சுமந்து ஓடும் பார்பரா, அதன்பின் அதிர்ச்சியில் உறைந்து சோபாவில் உட்கார்ந்தே விடுகிறார். ஜூடித் ஓடேயின் நடிப்பு நன்றாக இருந்தும், எழுத்து அவரைக் கைவிட்டுவிட்டது. இளம் ஜோடிக்கு எழுதிய வசனங்கள் தட்டையானவை. செயற்கைக்கோளிலிருந்து வந்த கதிர்வீச்சு என்று தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லும் காரணத்தை இன்னும் சுருக்கியிருக்கலாம். ஓடிவரும் ஜாம்பிகளுக்குப் பழகிய இன்றைய கண்களுக்கு இவற்றின் வேகம் முதலில் சோதனையாக இருக்கும். ஆனால் மெதுவாக வருவதுதான் இங்கே அச்சம்: தப்பிக்க நேரம் இருக்கிறது, இருந்தும் வீட்டுக்குள் இருப்பவர்கள் அதை வாக்குவாதத்தில் கழிக்கிறார்கள்.

வட்டில் படத்தோடு வரும் கூடுதல் இணைப்புகள் ஏராளம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ‘நைட் ஆஃப் அனுபிஸ்’ என்ற தலைப்பில் இருந்த தொகுப்பு நிலைப் பிரதியை (படத்தொகுப்பு முடியுமுன் இருந்த வடிவத்தை) முழுதாகச் சேர்த்திருப்பது ஆய்வாளர்களுக்குப் பயன்படும். பொதுப் பார்வையாளர் பத்து நிமிடம் பார்த்தால் போதும். டூயேன் ஜோன்ஸின் பழைய நேர்காணலைத் தவறவிடாதீர்கள். 1988-இல் மறைந்துவிட்ட அவர் இந்தப் படத்தைப் பற்றி மிக அரிதாகவே பேசியிருக்கிறார். நடிகர்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து 1994-இல் பதிவு செய்த, படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசும் இரண்டு உரைத்தடங்களும் கலகலப்பானவை.

இந்தப் படத்தின் புதுமை முழுதாகப் புரிய, இதற்கு முன்வந்த இரண்டு படங்களையும் பார்க்கச் சொல்வேன். விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘ஒயிட் ஜாம்பி’ 1932-இல் வந்தது. கதை நடப்பது ஹெய்ட்டியில், அமெரிக்கப் படைகள் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில். கரும்பு ஆலைக் காட்சி ஒன்று போதும். உயிரற்ற கண்களோடு கூலிகள் கூடை கூடையாகக் கரும்பைச் சுமந்து வந்து கொட்டுகிறார்கள். ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்பதில்லை, செக்கின் கிறீச்சொலியும் நிற்பதில்லை. பேலா லுகோசி நடித்த மந்திரவாதி அதைப் பெருமையோடு விருந்தாளிக்குக் காட்டுகிறான். அடிமை உழைப்பின் கொடுமையை இத்தனை நேராகக் காட்டிய திகில் காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை. படத்தின் மற்ற பகுதிகள் மேடை நாடகம் போல இழுக்கின்றன.

வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் 1943-இல் இயக்கிய ‘ஐ வாக்ட் வித் எ ஜாம்பி’ அதைவிடப் பல மடங்கு உயர்ந்த கலைப்படைப்பு. தலைப்பைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கரும்புத் தோட்டத்தின் ஊடே, பேச்சே இல்லாமல், காற்றின் ஓசையை மட்டும் வைத்து இரண்டு பெண்கள் நடந்துபோகும் காட்சியில் நிழலும் வெளிச்சமும் செய்யும் வேலை அபாரமானது. 69 நிமிடம்தான் ஓடும். கிரைட்டீரியன் இதையும் 2024-இல் லூட்டனின் இன்னொரு படத்தோடு சேர்த்து வெளியிட்டிருக்கிறது. இந்த இரண்டு பழைய படங்களிலும் ஜாம்பி தானாக எழுவதில்லை; யாரோ ஒருவர் மந்திரமோ மருந்தோ வைத்து எழுப்பி ஏவுகிறார். ரொமேரோ அந்த எஜமானனைக் கதையிலிருந்து நீக்கிவிட்டார். அவருடைய பிணங்களை யாரும் ஏவவில்லை, ஆகவே யாரை வீழ்த்தினால் தீரும் என்ற வழியும் கதையில் இல்லை. பின்னால் வந்த ஜாம்பிப் படங்கள் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கின்றன.

வாங்குமுன் சில செய்திகளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தப் படம் திரையரங்குகளுக்கு வந்தபோது, இன்றுள்ள வயதுத் தரச்சான்று முறை அங்கே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்பதால் பகல் காட்சிகளுக்குச் சிறுவர்களை அனுப்பிவைத்த பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளைகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்ததைத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். கறுப்பு வெள்ளைதானே என்று நினைத்துக் குழந்தைகளோடு உட்கார வேண்டாம். அடுத்தது, புளூ-ரே வட்டுகளும் கருவிகளும் உலகை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன; 2018 புளூ-ரே ஏ மண்டலத்துக்கு மட்டும் பூட்டப்பட்டது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. இந்தியா சி மண்டலத்தில் வருவதால் இங்கே விற்கும் சாதாரண புளூ-ரே கருவியில் அது ஓடாது. கிரைட்டீரியன் 2022-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்பதால், 4கே கருவி வைத்திருக்கும் இந்திய வாசகர்கள் அதையே வாங்கலாம். ஆனால் இணைப்புகள் இருப்பது உடன் வரும் புளூ-ரே வட்டுகளில்தான், அவற்றைப் பார்க்க எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி தேவைப்படும்.