கரண்ட் பிடிக்கப் போகிறவர்களுக்கு: அம்மாவின் கால் வெந்தது

மூட்டு நோவுக்கும் கால் பலவீனத்துக்கும் 'கரண்ட் பிடிக்க' (தோலில் 'பாட்' என்கிற ஒட்டுப் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் விடுவது) யாழ்ப்பாணத்தில் வீட்டோடு நடத்துகிற இடங்களைத் தேடுபவர்கள், முக்கியமாகச் சலரோகக்காரர் இருக்கிற வீட்டார், இதை வாசியுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, 15 வருடமாகச் சலரோகம். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய், செருப்புக் கழன்றாலும் தெரியாமல் நடந்து வருவார். முழங்கால் நோவென்று நான்தான் கூட்டிப்போனேன். "பத்துத் தரம் பிடிச்சால் தேய்ஞ்ச சவ்வு வளர்ந்திடும் அம்மா" என்றார் அங்கே இருந்தவர். 15,000 ரூபாவையும் முதலே வாங்கினார், பற்றுச்சீட்டு இல்லை. சலரோகம் இருக்கிறதா, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது இன்னும் மனதைக் குடைகிறது.

மூன்றாம் நாள் முழங்காலுக்கு இரண்டு பாட், கெண்டைக்கு இரண்டு பாட். பசை காய்ந்து ஓரம் சுருண்டு, யாருடையதோ மயிர் ஒட்டியிருந்தது. மேலே பிளாஸ்டர் ஒட்டி அமத்தினார். "விறுவிறுக்குதோ?" "கீழ ஒண்டும் தெரியேல்லை தம்பி." உடனே குமிழைத் திருப்பிக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கெண்டையில் ஐந்து ரூபாக் குற்றி அளவில் சிவப்பு. விடியக் கொப்புளம். புண் ஆற ஐந்து கிழமை.

பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டப் போனபோது இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) விளக்கினார். காய்ந்த பாட் தோலில் அங்கங்கே மட்டும் தொடும், கரண்ட் முழுவதும் அந்தப் புள்ளிகளால் இறங்கிச் சுடும். உணர்வில்லாத தோலுக்குச் சூடும் தெரியாது. அதனால் முதலில் கூரானதாலும் மழுங்கியதாலும் தொட்டு உணர்வு பார்க்க வேண்டுமாம். இந்தக் கரண்ட் நோவைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தலாம், சவ்வை வளர்க்காது. பலவீனத்துக்குத் தசையைச் சுருங்க வைக்கிற வேறு வகை இருக்கிறது, அதுவும் பயிற்சியோடுதான். இப்போது அம்மா முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அமத்திப் பழகுகிறார். ஆஸ்பத்திரியில் இதுக்குக் காசும் இல்லை.

கரண்ட் பிடித்தவரிடம் மிச்சக் காசைக் கேட்டதற்கு, "வயசானவையின்ர தோல் அப்பிடித்தான்" என்ற பதில்தான் வந்தது.

போகிற இடத்தில், இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். தோலைத் தொட்டு உணர்வு பார்க்காமல் பாட் ஒட்ட வந்தால் கட்டிலை விட்டு எழும்பிவிடுங்கள், கட்டின காசை அப்புறம் பார்க்கலாம்.