பிரெட் மெஷினோடு நான்கு வருடம்

எங்கள் வீட்டில் பிரெட் என்றால் காய்ச்சல் சாப்பாடு. யாருக்காவது உடம்பு சுட்டால் ஒரு பாக்கெட் வரும். பாலில் நனைத்துச் சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த காய்ச்சல் வரை அதன் நினைப்பே இருக்காது. மாமனாருக்குச் சர்க்கரை வந்த பிறகுதான் அது காலைச் சாப்பாட்டுக்கு வந்தது. கோதுமை பிரெட் நல்லது என்று யாரோ சொல்ல, வாரம் இரண்டு பாக்கெட் பிரவுன் பிரெட் வாங்கினோம். ஒரு நாள் கவரின் பின்பக்கத்தைப் படித்தேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. அதில் முதலில் இருந்தது மைதா. கோதுமை மாவு அதற்கு அப்புறம்தான். பழுப்பு நிறத்துக்கு கேரமல். எனக்கு மனசே ஆறவில்லை. அந்த மாதமே, மாவைப் பிசைந்து எழும்பவைத்து பேக்கும் செய்துவிடும் பிரெட் மெஷின் வாங்கினேன்.

வாங்கும்போது எத்தனை மெனு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நான்கு வருடத்தில் நான் தொட்டது நான்கே நான்கு: முழுக்கோதுமை, சாதா, மாவு பிசைவது, பேக் மட்டும். முழுக்கோதுமைக்குத் தனி மெனு இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தவிடு ஊற நேரம் வேண்டும். சாதா மெனு அந்த நேரத்தைக் கொடுக்காது. என் மெஷினில் முழுக்கோதுமைக்கு ஐந்து மணி நேரம். அடுத்தது, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று கேளுங்கள். என்னுடையது பத்து நிமிடம் வரை நினைவில் வைத்திருக்கும். மூன்றாவது, பாத்திரமும் பிசையும் துடுப்பும் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் வாயால் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முந்திரி, திராட்சையைத் தானாகப் போடும் பெட்டிக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. மெஷின் பீப் அடிக்கும்போது நாமே போட்டுக்கொள்ளலாம்.

முதல் பிரெட் செங்கல் மாதிரி வந்தது. கூடவே வந்த புத்தகத்தில் இருந்த அளவு நம் ஆட்டாவுக்குப் பொருந்தவில்லை. கல்லில் அழுத்தி அரைத்த மாவு தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். பல தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து இப்போது நான் நிற்கும் அளவு இது: ஆட்டா 400 கிராம், தண்ணீர் 300 மி.லி., நாட்டுச் சர்க்கரை 15 கிராம், எண்ணெய் 20 கிராம், உப்பு 7 கிராம், குளூட்டன் (கோதுமைப் பசை) பொடி 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். கப், ஸ்பூன் எல்லாம் வேண்டாம். சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் மாவு நாளுக்கு நாள் மாறும். ஸ்விட்சைப் போட்டு எட்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பார்ப்பது என் பழக்கம். பிசையும்போது திறந்தால் ஒன்றும் ஆகாது. மாவு உருண்டு, பாத்திரத்தின் பக்கத்தில் தப் தப்பென்று அடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். விரலால் தொட்டால் லேசாக ஒட்டிவிட்டு விலக வேண்டும். சப்பாத்தி மாவு போல இறுகி, துடுப்பு திணறினால் ஒரு ஸ்பூன் தண்ணீர். அடியில் களி போலக் குழைந்து கிடந்தால் ஒரு ஸ்பூன் மாவு. சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு இந்த இளக்கம் முதலில் தப்பாகத்தான் தெரியும். நம்பி விட்டுவிடுங்கள்.

பாத்திரத்தின் உள்பக்கம் நீளவாக்கில் சில மேடுகள் இருக்கும், கவனித்திருப்பீர்கள். 1980களில் ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பெனி (இன்றைய பானசோனிக்) இந்த மெஷினை உருவாக்கும்போது, அவர்கள் செய்த பிரெட் மேலே கருகி உள்ளே வேகாமல் வந்தது. இகுகோ தனாகா என்ற பெண் ஊழியர் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் நேரில் பிசையக் கற்றுக்கொண்டார். அந்த ரொட்டிக்காரர் மாவை வெறுமனே பிசையவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்பதை இகுகோ பிடித்தார். அதை மெஷினுக்குள் கொண்டுவரத்தான் இந்த மேடுகள். 1987இல் மெஷின் கடைக்கு வந்தது. கையால் செய்யும் ஒரு வேலையை இவ்வளவு மரியாதையோடு கவனித்திருக்கிறார்களே என்று எனக்கு அதைக் கழுவும்போதெல்லாம் தோன்றும்.

இனி வெயில். நாங்கள் இருப்பது திருச்சி. முதல் சித்திரையில் தொடர்ந்து நான்கு பிரெட், நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. சூட்டில் ஈஸ்ட் அவசரமாக வேலை செய்து, அடுப்பு சூடாவதற்கு முன்பே மாவு முழுக்க எழும்பி, தாங்க முடியாமல் அமுங்கிவிடுகிறது. பிசையும் உராய்விலும் மாவு சூடாகும். அதனால் மார்ச் முதல் ஜூன் வரை ஃபிரிட்ஜ் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், ஈஸ்ட் இரண்டரை கிராம். மாவையும் முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். குழி நின்றுவிட்டது. உப்பையும் குறைக்காதீர்கள். ஈஸ்டுக்குக் கடிவாளம் அதுதான்.

சம்பா கோதுமை அரைத்துப் போட்டுப் பார்த்தேன், எழும்பவில்லை. அதன் பசை பலமில்லாதது. கேழ்வரகு 80 கிராம் வரை சேர்க்கலாம், மணம் அருமையாக இருக்கும். அதற்கு மேல் போனால் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது வருடம் பாத்திரத்தின் அடியில் ஈரம் கசிய ஆரம்பித்தது. துடுப்பைச் சுற்றும் அச்சில் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் சீல் மட்டும் தர மாட்டோம், பாத்திரமே மாற்ற வேண்டும் என்றார்கள். அது வர இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் மாமா மறுபடி கடை பிரெட்டுக்குப் போனார், எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. வெளியே விசாரித்த பிறகுதான் என் தவறும் தெரிந்தது: பிரெட் எடுத்ததும் பாத்திரத்தைத் தண்ணீரில் முழுக்க அமுக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே மட்டும் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால் போதும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

துடுப்பு பிரெட்டுக்குள் மாட்டிக்கொண்டு அடியில் பெரிய ஓட்டை போடுகிறதே என்பவர்களுக்கு: மெஷின் கடைசியாக மாவை அமுக்கி முடித்ததும், கையை நனைத்து மாவைத் தூக்கி, துடுப்பை உருவிவிட்டு மாவை உருட்டித் திரும்ப வையுங்கள். சின்னத் துளை மட்டும்தான் இருக்கும்.

வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். வெளியே வைத்தால் இரண்டு நாள் தாங்கும், மழைக்காலத்தில் மூன்றாம் நாள் பூசணம். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது தோசைக்கல்லில் போடுவதே நல்லது. கரண்ட் ஒரு தடவைக்கு அரை யூனிட்கூட ஆவதில்லை.

ஆட்டா பிரெட்டும் சர்க்கரையை ஏற்றும். மாமாவுக்குக் காலையில் இரண்டு துண்டுக்கு மேல் வைப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. இரவு டைமர் வைக்கும்போது பால் ஊற்றாமல் பால் பவுடர் போடுவேன், ஈஸ்ட் தண்ணீரில் படாதபடி மாவுக்கு மேலே குழி செய்து வைப்பேன். விடிகாலை ஐந்தரைக்கு மணம் வந்துவிடும். பீப் சத்தம் கேட்டதும் மாமாதான் முதலில் எழுந்து போய்ப் பார்ப்பார். "ஏம்மா, இன்னிக்கு நல்லா எழும்பியிருக்கு" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்.