ஆம்ப் கேப்சர்: பெட்டியிலா, கணினியிலா?

ட்யூப் கிட்டார் ஆம்ப்பின் டோனை டிஜிட்டல் மாடலாகப் பிடிக்க (இதுதான் கேப்சர்) இரண்டு வழி இருக்கிறது. கெம்பர், குவாட் கார்டெக்ஸ் போன்ற பெட்டிகள் சிக்னலைத் தாங்களே அனுப்பி, தாங்களே திரும்ப வாங்கிக்கொள்ளும். டோன்எக்ஸ் செயலியிலும் ஓப்பன் சோர்ஸான நியூரல் ஆம்ப் மாடலரிலும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீஆம்ப் பாக்ஸ் (இன்டர்ஃபேஸின் லைன் சிக்னலைக் கிட்டார் சிக்னல் போல மாற்றித் தரும் கருவி) வழியாக நாமே ஓட்ட வேண்டும். என் ஓட்டு மாடலருக்கு.

பெட்டியின் வசதி தெரிந்ததுதான்: சில நிமிட வேலை, அப்படியே மேடைக்குத் தூக்கிப் போகலாம். மாடலரில் 3 நிமிடச் சொச்சம் ஓடும் டெஸ்ட் ஃபைலை 48 கிலோஹெர்ட்ஸில் ஆம்ப் வழியாகப் பதிவு செய்து, அதைக் கொண்டு கணினி மாடலுக்குக் கொடுக்கும் பயிற்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். எந்த வழியானாலும் ஸ்பீக்கரைக் கழற்றினால் ஓம் பொருந்தும் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் கருவி) கட்டாயம். இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். ரிவெர்ப், டிலேயை அணைத்துவிடுங்கள், அவை கேப்சரில் வராது.

தீர்ப்பைத் தீர்மானிப்பது லெவல், அதாவது ஆம்ப்புக்குள் போகும் சிக்னலின் அளவு. கையேடுகளில் பெரும்பாலும் இருப்பது 'சிவப்பு விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளவும்' என்ற அளவுதான். ஆம்ப்புக்குள் எத்தனை வோல்ட் போக வேண்டும்? அதைத்தான் சொல்வதில்லை. 6 டெசிபல் கூடுதலாக அனுப்பினால், கிளீனாக இருக்க வேண்டிய ஆம்ப் கேப்சரில் கரகரக்கும். பயிற்சி முடிவில் வரும் ஈஎஸ்ஆர் (பிழைக்கும் சிக்னலுக்கும் உள்ள விகிதம்) எண் இதைக் காட்டிக்கொடுக்காது. மாடல் பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. பதிவே கூடுதல் லெவலில் இருந்தாலும் 0.01-க்குக் கீழே அழகாக வரும்.

மாடலரில் இதற்கு வழி இருக்கிறது. உச்சம் -12 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச வரம்பை 0 என்று வைத்து எண்ணும் டெசிபல்) உள்ள சைன் அலையை அனுப்பி, ரீஆம்ப் கேபிளின் ஆம்ப் பக்க முனையை மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் அளந்து, 0.775 வோல்ட் வரும்வரை லெவலைத் திருப்புங்கள். (மலிவு மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் தடுமாறலாம், 200 ஹெர்ட்ஸ் வையுங்கள்.) 0.775 வோல்ட் என்பது 0 டிபியு (வோல்ட்டை டெசிபலில் சொல்லும் அளவு). ஆக, 0 டிபிஎஃப்எஸ் என்றால் +12 டிபியு. இந்த 12-ஐ மாடல் ஃபைலிலேயே எழுதிவைக்கலாம். வாசிப்பவரின் இன்டர்ஃபேஸ், கெயின் குறைந்தபட்சத்தில் +17 டிபியு வரை தாங்குமென்றால், மாடலுக்கு முன்னால் 5 டெசிபல் ஏற்றினால் போதும். அசல் ஆம்ப் கிட்டாருக்குக் கொடுத்த அதே கெயின் கிடைக்கும்.

பெட்டி இந்தக் கணக்கை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டியிலேயே வாசிக்கும்வரை குறையில்லை. கேப்சரை வேறு இடத்துக்குக் கொண்டுபோக நினைத்தால்தான் வம்பு. இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர்கள் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டின் உச்ச அளவையும் லைன் அவுட்டின் உச்ச அளவையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டால், மல்டிமீட்டர் வேலையில் பாதி மிச்சம்.

ஹை கெயின் ஆம்ப்களில் 2, 3 டெசிபல் பிசகு காதுக்குச் சட்டென்று தெரியாது. அதை மட்டுமே வாசிப்பவருக்குப் பெட்டியே போதும் என்றுகூடச் சொல்வேன். விளிம்பில் உடையும் (அழுத்தி வாசித்தால் மட்டும் லேசாகக் கரகரக்கும்) கிளீன் டோன்தான் வேண்டுமென்றால், மல்டிமீட்டரை எடுங்கள்.