பனிக்காலத்தில் ஊட்டியிலிருந்து கடற்கரைக்கு: விமான டிக்கெட் எடுத்துப் பழகிய அனுபவம்

ஜனவரியில் ஊட்டி காந்தல், தலைகுந்தா பக்கம் விடியும்போது புல்தரை முழுக்க வெளுத்துக் கிடக்கும். தேயிலை வைத்திருப்பவர்கள் செடி கருகாமல் இருக்கக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டிப் பரப்பி மூடுவார்கள். இந்தக் குளிர் என் அம்மாவின் முழங்காலுக்கு ஆகவே ஆகாது. கடற்கரை வெயிலில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் அவர் படியேறுவதே வேறு மாதிரி இருக்கும். அதனால் பனிக்காலத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு கடலோர ஊர் ஏதாவது ஒன்றுக்கு விமானத்தில் போய்வருவது சில வருடங்களாக எங்கள் வீட்டு வழக்கம். நாங்கள் நடத்துவது ஒரு சின்ன லாட்ஜ். டிக்கெட் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால்தான் பயணம். இப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்ததில் தெரிந்துகொண்டதை மலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பாதிதான் நமக்குப் பொருந்தும்.

நமக்கு டிக்கெட் விலையைவிட விமானம் கிளம்பும் நேரம் முக்கியம். கோவை விமான நிலையம் பீளமேட்டில் இருக்கிறது, ஊட்டியிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். வழியில் நெரிசல் இல்லாவிட்டாலும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். காலை 6 மணி விமானம் 500, 600 ரூபாய் மலிவாகத் தெரியும். ஆனால் உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அப்படியென்றால் நாம் இரவு ஒரு மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. தனி டாக்சிக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஆகும். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மேகத்துக்குள் இறங்க வேண்டும். பர்லியாறு, கல்லாறு பக்கம் யானை நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டியதுதான். மதியம் 12 மணிக்கு மேல் கிளம்பும் விமானம் என்றால் காலையில் அரசு பஸ் பிடித்து இறங்கிவிடலாம். அந்த டிக்கெட் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் நமக்கு அதுதான் மலிவு. வயதானவர்களோடு போகும்போது நான் மதிய விமானத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதே இல்லை. டாக்சியில் போவதாக இருந்தால் துடியலூரில் திரும்பி சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் போகச் சொல்லுங்கள். ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை.

எப்போது போவது என்பதில் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் லீவு முடியும்வரை நமக்கு மூச்சுவிட நேரமிருக்காது. விமானக் கட்டணம் உச்சத்தில் நிற்பதும் அந்த நாட்களில்தான். காணும் பொங்கல் கழிந்து வண்டிகள் மலையிறங்கியதும் அறைகளும் காலியாகும், டிக்கெட் விலையும் இறங்கும். குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தள்ளிவிட்டால், ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை நல்ல விலைக்குக் கிடைக்கிறது. அதிலும் செவ்வாய், புதன் கிழமைகள்தான் எங்களுக்குப் பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் வேண்டவே வேண்டாம்.

டிசம்பர் முதல் பாதியிலும் விலை குறைவுதான். இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. எங்காவது மண் சரிந்தால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள். கீழே விமானம் நமக்காகக் காத்திருக்காது. 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதிகள் மாறியதையொட்டி நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதும், மத்திய அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்ததும் நினைவிருக்கும். அப்படி ஏதாவது நடந்தால் சென்னையில் இருப்பவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். நாம் இன்னொரு முறை மலையேறி இறங்க வேண்டும்.

விலை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பணம் மிச்சமாகத் தொடங்கியது. ஒரே மாதிரி இருக்கைகளையே விமான நிறுவனங்கள் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ் அடுக்கில் 2 இடம்தான் மிச்சம் என்றால், பொதுவாக நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலையைத்தான் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு மட்டும் போட்டுப் பார்ப்பேன். அப்புறம் இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போவேன். தலைக்கு ஆகும் விலை எந்த எண்ணிக்கையில் தாவுகிறதோ, அங்கே டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து எடுத்துவிடலாம். பிரிக்கும்போது அம்மாவும் நானும் கண்டிப்பாக ஒரே டிக்கெட்டில் இருப்போம். விமானத்தை மாற்றிவிட்டால்கூட அவர் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

தேதி தேடுவதற்கு கூகுள் ஃப்ளைட்ஸ் போதும். மாதம் முழுவதற்குமான விலையை நாட்காட்டியாகக் காட்டும். விலையைக் கண்காணிக்கச் சொன்னால் ஏறி இறங்கும்போது மின்னஞ்சல் வரும். நவம்பர் மாதமே இதைப் போட்டுவைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் பார்த்தால் அந்த வழித்தடத்தின் சாதாரண விலை எது என்று பிடிபட்டுவிடும். அதற்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவேன். இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

பணம் கட்டுவது மட்டும் எப்போதும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான். இடைத்தரகர் தளம் ஒன்றில் எடுத்தபோது, முதல் பக்கத்தில் பார்த்த விலைக்கு மேல் வசதிக் கட்டணம், நாங்கள் கேட்காமலே சேர்ந்திருந்த காப்பீடு என்று கடைசிப் பக்கத்தில் ஏறிக்கொண்டே போனது. அதைவிட மோசம், விமான நேரம் மாறிய தகவல் எங்கள் போனுக்கு வரவே இல்லை. மலையிலிருந்து வருபவர்களுக்கு அந்த ஒரு குறுஞ்செய்தி எவ்வளவு முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ரத்து செய்தால் பணம் வராது என்று போட்டிருக்கும் டிக்கெட்டிலும், அரசு வரியையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி. கேட்டு வாங்குங்கள்.

அந்தமானுக்குப் போவதென்றால் நான் கோவையிலிருந்து பறப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். அங்கேயே மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று மேல்தான். ஒரு சிக்கல் உண்டு: 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விமான டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டு, ரயில் திறக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவைத்துக் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் போய் இறங்கும் விமானம் மலிவாக இருந்தாலும் யோசியுங்கள். அன்றே ஸ்வராஜ் தீவுக்கு (பழைய ஹேவ்லாக்) கப்பல் கிடைப்பது கஷ்டம், ஒரு இரவு அறை வாடகை சேர்ந்துவிடும். 2024இல் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள், எனவே தளத்தில் எந்தப் பெயர் வந்தாலும் குழம்ப வேண்டாம்.

கோவாவுக்கு இரண்டு விமான நிலையங்கள். பழையது டபோலிம். வடக்கே மோபாவில் 2023 ஜனவரியிலிருந்து விமானங்கள் இறங்குகின்றன. அரம்போல், மோர்ஜிம் போகிறவர்களுக்கு மோபா பக்கம். கோல்வா, பெனாலிம், பலோலம் என்றால் டபோலிம். மாற்றி இறங்கினால் மிச்சம் பிடித்ததையெல்லாம் கோவா டாக்சிக்குக் கொடுத்துவிடுவோம். பெங்களூருவில் மாறிப் போவதாக இருந்தால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். பனிக்கால விடியலில் அங்கேயும் மூடுபனி இறங்கும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெங்களூருவுக்கே சாலையில் போய்ப் பறந்தால் டிக்கெட் மலிவுதான். ஆனால் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். விமான நிலையமும் நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. எங்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை.

மூட்டை விஷயத்தில் மலைக்காரர்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. கம்பளிதான். கைப்பைக்கு 7 கிலோ என்றால், ஸ்வெட்டரும் சால்வையும் குல்லாவுமே அதில் கணிசமான எடையைப் பிடித்துவிடும். மேட்டுப்பாளையம் வந்ததுமே வியர்க்கும், கழற்றிப் பைக்குள் திணிக்கத் தோன்றும். கவுன்ட்டரைத் தாண்டும்வரை தோளிலேயே போட்டிருங்கள், உடம்பில் இருப்பதை யாரும் எடை போடுவதில்லை. பெரிய பையே இல்லாத மலிவு டிக்கெட்டுகளும் இப்போது விற்கிறார்கள். ஒரு வாரக் கடற்கரைக்கு இரண்டு பருத்திப் புடவையும் ஒரு நைட்டியும் போதும் என்பதால் எங்களுக்கு அது நன்றாகவே ஒத்துவருகிறது. உறவினர் வீட்டுக்கு வர்க்கி வாங்கிப் போனால் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போட்டால் தூளாகிவிடும். அம்மாவுக்கு வேண்டிய சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுவேன். இதுவரை அதற்குப் பணம் வாங்கியதில்லை.

திரும்பி வரும் விமானத்தை நான் இன்னும் கறாராகப் பார்ப்பேன். மதியம் ஒரு மணிக்குள் கோவையில் இறங்கினால்தான் வெளிச்சத்தோடு மலையேற முடியும். உறைபனிக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் கேத்தி, லவ்டேல் பக்கம் குளிர் எலும்பில் ஏறும். கடற்கரையிலிருந்து நேராக வருகிற உடம்புக்கு அது தாங்காது. கோவையில் டாக்சி பிடித்தால், வண்டி நீலகிரிப் பதிவான டிஎன் 43 இல்லாத பட்சத்தில், மலைக்கு வர இ-பாஸ் எடுத்திருக்கிறாரா என்று ஏறும் முன்பே ஓட்டுநரிடம் கேளுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம்.

வர்க்கலைக்கு மட்டும் நான் விமானமே பார்ப்பதில்லை. கோவையிலிருந்து ரயில் ஏறினால் வர்க்கலை சிவகிரி ஸ்டேஷனிலேயே இறங்கலாம், அங்கிருந்து பாபநாசம் கடற்கரைக்கு ஆட்டோ போதும். திருவனந்தபுரம்வரை பறந்துபோய் மறுபடி 40 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வருவதில் நேரமும் மிச்சமில்லை, பணமும் மிச்சமில்லை. மகரவிளக்கு முடிந்து ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குறைந்ததும் அந்த ரயில்களில் இடமும் கிடைக்கும். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோவையை மறந்துவிட்டு, நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூரில் இருக்கும் கோழிக்கோடு விமான நிலையத்தின் விலைகளையும் ஒரு முறை பாருங்கள். உங்களுக்கு அது பக்கம், ஊட்டிக்கு ஏறி இறங்கும் வேலையும் இல்லை.