வகுப்பா, வீட்டுக்கூட்டமா, ஆளோடு ஆளா?

எங்கள் சபையில் சீஷத்துவத்துக்கு, அதாவது புதிய விசுவாசியை இயேசுவின் வழியில் வளர்ப்பதற்கு, மூன்று வழி உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 12 வாரப் பாடப்புத்தக வகுப்பு, புதன் மாலை வீட்டுக்கூட்டம், அப்புறம் மூத்த விசுவாசி ஒருவர் புதியவர் ஒருவரைக் கூட வைத்து நடத்துவது. நான் ஆறு வருடம் வகுப்பு எடுத்து, அதை விட்டுவிட்டு நாலு வருடமாக மூன்றாவதில் இருக்கிறவன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வகுப்பின் நன்மை தெரிந்ததுதான்: ஒரே நேரத்தில் இருபது பேர், ஒழுங்கான பாடம், ஞானஸ்நானத்துக்கு முன் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்ற கணக்கு. வீட்டுக்கூட்டத்தில் பாட்டு, சாட்சி, ஜெபம், தேத்தண்ணி. சுகமில்லாதவரை யார் போய்ப் பார்ப்பது என்பதும் அங்கேதான் முடிவாகும். மெதடிஸ்தக்காரர் இதற்குத் தங்கள் சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைக் காட்டுவார்கள். 1742இல் பிரிஸ்டலில் தொடங்கியது பேருக்குத்தான் வகுப்பு. கட்டடக் கடனுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்கப் போன தலைவர்கள், தங்களுக்குக் குறித்த பன்னிரண்டு பேர்வரையும் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியதுதான் கதை. அங்கேயும் வேலை செய்தது ஆளோடு ஆள் பேச்சுத்தான் என்பேன்.

என்னை மாற்றியது ஒரே ஒரு விஷயம்: ஒருவன் வராமல் போன வாரம் என்ன நடக்கிறது?

திருகோணமலையில் இது சின்ன விஷயம் இல்லை. சித்திரை தாண்டிக் கடல் அடங்கினால் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் பிள்ளைகளுக்கு ஞாயிறு லீவு கிடையாது, தொழிலுக்குப் போகிறவர்கள் இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு விடியத்தான் கரை ஏறுவார்கள், மா ஆலையில் வேலை என்றால் ஷிப்ட். நாலாம் பாடம் தவறும், ஐந்தாம் பாடமும் தவறும், ஆறாம் வாரம் வந்து பின் வரிசையில் வெறும் தாள்களைப் புரட்டிக்கொண்டு இருப்பான், ஏழாம் வாரம் வரவே மாட்டான். பக்தி குறைந்து போகவில்லை, வெட்கம். கடைசியாக நான் எடுத்த வகுப்பில் பாதிக்கு மேல் இப்படித்தான் கழன்றார்கள், நானும் பாடத்தை முடிக்கிற அவசரத்தில் தேடிப் போகவில்லை.

ஆளோடு ஆள் என்றால் பாடம் அவனுக்காக நிற்கும். உப்புவெளியில் ஒரு தம்பியை அவன் வாடியிலேயே, கடற்கரைக் கொட்டிலிலேயே, சந்திப்பேன். ஒருநாள் அவன் கால் பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்துப் பொத்திக்கொண்டிருக்க, நான் மாற்கு முதலாம் அதிகாரம் வாசித்தேன். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டு இயேசுவின் பின்னே போன இடம் வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, "அப்ப செபதேயு சம்மாட்டி. தொழில் நிண்டிருக்காது. எங்கட வீட்டில நான் போனா ஆர் அண்ணா வலை இழுக்கிறது?" என்றான். (சம்மாட்டி என்றால் ஆள் வைத்து மீன்பிடித் தொழில் நடத்துகிறவர்.) இருபது வருடம் வாசித்தும் அந்தக் கூலியாட்கள் என் கண்ணில் பட்டதில்லை. அன்றைக்குப் பாடம் அதோடு நின்றது, மிச்ச நேரம் அவன் அம்மாவின் கடனைப் பற்றிக் கதைத்தோம். வகுப்பில் அவன் இதைக் கேட்டே இருக்க மாட்டான். பன்னிரண்டு பேரை இயேசு ஏற்படுத்தியதற்கு மாற்கு 3:14 சொல்லும் முதல் காரணமே தம்மோடு இருக்க வேண்டும் என்பதுதானே, அனுப்புவது அதற்குப் பிறகு.

செலவு உண்டு, பணமாக இல்லை. ஒரே காலத்தில் இரண்டு பேருக்கு மேல் என்னால் முடியாது, மாலைகள் போய்விடும். இன்னொரு ஆபத்து, நம் குறைகளும் சேர்ந்து தொற்றும். ஒரு தம்பி தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் ஜெபிக்கத் தொடங்குவான், அது என் பழக்கம்! கனைப்பு பரவாயில்லை, என் கோபமும் போயிருந்தால்? அந்த வகையில் பல பேர் பேசும் வீட்டுக்கூட்டம் பாதுகாப்பு. அதனால் அவர்களைப் புதன்கிழமையும் போகச் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் தனியே சந்திப்பதில்லை. பெற்றோருக்குத் தெரிய, நாலு பேர் நடமாடும் இடத்தில்தான்.

நான் இப்படி நடத்தியது இதுவரை மூன்று பேரை, அதில் ஒருவன் பாதியில் நின்றுவிட்டான். பெண்கள் மத்தியில் எப்படி என்பது என் மனைவி எழுத வேண்டியது. மற்ற இருவரில் ஒருவன் போன வருடம் கத்தாருக்குப் போனான். வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் கதைக்கிறோம், ஆனால் அவன் முகத்தைப் பார்க்காமல் "நல்லா இருக்கிறன் அண்ணா" என்பதை எவ்வளவு நம்புவது என்று இன்னும் பிடிபடவில்லை. போனில் இதைத் தொடர்ந்து செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.